தண்ணீரில் ஒரு சாலை

வாளையாறு வழியாகப் போகும் பெரிய லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். சில லாரிகளின் மேல் நீளமான இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குக் கண்டெய்னர் என்று பெயர். 20 அடிப் பெட்டி உண்டு. 40 அடிப் பெட்டியும் உண்டு. திருப்பூர் பனியன் இந்தப் பெட்டியில்தான் வெளிநாடு போகிறது. மூணாறு, வண்டிப்பெரியாறு மலைகளில் பறிக்கும் தேயிலையும் இதில்தான் கப்பல் ஏறுகிறது.

இந்த லாரிகள் பல, கொச்சித் துறைமுகத்துக்குப் போகின்றன. கொச்சியை நெருங்கியதும்தான் தொல்லை ஆரம்பம். ஏன்?

கொச்சி காயலும் கடலும் சூழ்ந்த ஊர். நகரத்தைச் சுற்றிப் பல தீவுகள். பல தீவுகளில் மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். மீன் பிடிக்கிறார்கள். கூலி வேலைக்கும் படிப்புக்கும் தினமும் எறணாகுளம் வந்து போகிறார்கள். துறைமுகமும் இந்தத் தீவுகளில்தான் இருக்கிறது. அதனால் சரக்குக்கும் மக்களுக்கும் வழி ஒன்றாகிவிடுகிறது. கண்டெய்னர் லாரி போகும் சாலையில்தான் பள்ளிக்கூடப் பிள்ளையும் போக வேண்டும்.

பழைய துறைமுகம் வில்லிங்டன் தீவில் உள்ளது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காயலை ஆழமாகத் தோண்டினார். தோண்டிய மண்ணைக் கொட்டி இந்தத் தீவை உருவாக்கினார். 1928இல் உள் துறைமுகத்துக்குள் முதல் கப்பல் வந்தது. சரக்குக் கிடங்குகள் எல்லாம் இந்தத் தீவில் எழுந்தன.

2011இல் ஒரு மாற்றம் வந்தது. கண்டெய்னர் ஏற்றி இறக்கும் வேலை வல்லார்பாடம் தீவுக்குப் போனது. ஆனால் கிடங்குகள் பல வில்லிங்டன் தீவிலேயே நின்றுவிட்டன. இரண்டு தீவும் காயலில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் லாரி தண்ணீரில் போகுமா? வல்லார்பாடத்திலிருந்து களமசேரி போக வேண்டும். அங்கிருந்து இடப்பள்ளி, வைட்டிலா, குண்டன்னூர் என்று நகரத்தைச் சுற்றி வர வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர்! கொச்சியில் மிக நெரிசலான சந்திப்புகள் இவைதாம்.

வல்லார்பாடத்துக்கு என்றே ஒரு தனிச் சாலை போட்டார்கள். களமசேரியிலிருந்து 17 கிலோமீட்டர். மக்கள் இதைக் கண்டெய்னர் ரோடு என்கிறார்கள். ரயில் பாதையும் போட்டார்கள். அதில் காயலின் மேல் 4.62 கிலோமீட்டர் நீளப் பாலம் உண்டு. 2018 வரை இந்தியாவிலேயே நீளமான ரயில் பாலம் அதுதான். ஆனாலும் பெரும்பாலான பெட்டிகள் இன்னும் லாரியில்தான் போகின்றன.

இந்தச் சாலைக்கும் ரயில் பாதைக்கும் நிலம் எங்கிருந்து வந்தது? குடியிருந்தவர்களிடமிருந்து வந்தது. 316 குடும்பங்கள் வீட்டை இழந்தன. மூலம்பிள்ளி என்ற தீவில் 2008 பிப்ரவரியில் போலீஸ் காவலுடன் வீடுகளை இடித்தார்கள். மக்கள் போராடினார்கள். அடுத்த மாதமே அரசு மாற்று நிலமும் உதவியும் தருவதாக அறிவித்தது. கொடுத்த நிலம் பல இடங்களில் சதுப்பாக இருந்தது. அதில் எப்படி வீடு கட்டுவது? பல குடும்பங்கள் பல ஆண்டுகள் வாடகை வீட்டிலேயே காலம் தள்ளின. துறைமுகச் சாலை என்றால் கல்லும் தாரும் மட்டும் அல்ல. யாருடைய அடுப்படி மேல் அது போகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

சாலையை அகலப்படுத்த மறுபடி வீடுகளை இடிக்க முடியுமா? முடியாது. அப்படியானால் வேறு வழி என்ன? காயலே வழி. அதற்கு நிலம் எடுக்க வேண்டாம். தார் போட வேண்டாம்.

ரோ-ரோ என்று ஒரு வகைக் கப்பல் இருக்கிறது. தட்டையான பெரிய மிதவை போல இருக்கும். கரையில் வந்து நின்றதும் முன்பக்கப் பலகை கீழே இறங்கும். லாரி தன் சக்கரத்திலேயே உருண்டு ஏறும். அக்கரையில் உருண்டு இறங்கும். சுமையை இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் வில்லிங்டன் தீவுக்கும் போல்காட்டி தீவுக்கும் இடையே இப்படி இரண்டு கப்பல்கள் விடப்பட்டன. போல்காட்டி வல்லார்பாடத்துக்கு அடுத்த தீவு. சாலையில் 30 கிலோமீட்டர் தூரம், தண்ணீரில் மூன்றரை கிலோமீட்டர் ஆகிறது. டீசல் மிச்சம். ஓட்டுநரின் நேரமும் மிச்சம். அந்த லாரி வைட்டிலா சந்திப்பில் யார் வழியையும் மறிப்பதில்லை.

மக்கள் போகும் படகுகளின் கதை இன்னும் வேதனையானது. 2015 ஆகஸ்ட் 26ஆம் தேதி வைப்பின் தீவிலிருந்து ஒரு பயணிகள் படகு ஃபோர்ட் கொச்சிக்கு வந்தது. கரையை நெருங்கும்போது மீன்பிடிப் படகு ஒன்று மோதியது. 11 பேர் இறந்தார்கள். கப்பல், மீன்பிடிப் படகு, பயணிகள் படகு எல்லாம் ஒரே வாய்க்காலில் போகும் இடம் அது. 2018 ஏப்ரல் முதல் அங்கேயும் ரோ-ரோ ஓடுகிறது. லாரி, கார், மோட்டார் சைக்கிள், நடந்து வருபவர் எல்லாரும் ஏறலாம். சில நிமிடங்களில் அக்கரை. கப்பல் ஒன்று பழுதானால் மட்டும் இரு கரையிலும் வரிசை நீண்டுவிடும்.

2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ வந்தது. இது மின்சாரப் படகு. ஒரு படகில் சுமார் 100 பேர் போகலாம். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே செய்தது. கரையில் நின்று ஆள் ஏறும் சிறிது நேரத்திலேயே பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம். இதன் படகுத்துறை மிதக்கும் துறை. கடல் ஏறினால் துறையும் ஏறும், வற்றினால் இறங்கும். அதனால் படகின் தளமும் துறையும் எப்போதும் ஒரே மட்டம். பழைய படகில் காலை எட்டிப் போட்டுத் தாவ வேண்டும். இங்கே வயதானவர் தடுமாறாமல் ஏறலாம். சக்கர நாற்காலியும் போகலாம்.

குறை இல்லையா? உண்டு. குறைந்த கட்டணமே 20 ரூபாய். மாநில அரசின் பழைய படகில் அதைவிட மிகவும் குறைவு. தினக்கூலிக்குப் போகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். எனவே பழைய படகும் ஓட வேண்டும். 10 தீவுகளில் 38 நிலையங்கள், 78 படகுகள் என்பது திட்டம். பல நிலையங்களின் வேலை இன்னும் முடியவில்லை. வலை வீசும் மீனவருக்கும் காயலில் இடம் விட வேண்டும். அவர்களைக் கேட்டுத்தான் படகுப் பாதை போட வேண்டும்.

நீங்கள் பேருந்தில் கொச்சி போனால் வைட்டிலா நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே வாட்டர் மெட்ரோ படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து காக்கநாட்டுக்குப் படகு உண்டு. துறைமுகத்தைப் பார்க்க ஆசையா? உயர் நீதிமன்றத் துறைக்குப் போய் வைப்பின் படகில் ஏறுங்கள். வல்லார்பாடத்துப் பாரந்தூக்கிகள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கும். உங்கள் மலைத் தேயிலை ஏறிய பெட்டியும் அங்கே இருக்கலாம்.