சிறிய கமராவுக்குக் கைப்பிடி: எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ6 வீதியில் இருக்கிறது கலேவெல. படமெடுப்பதில் ஆர்வமுள்ளவருக்கு இதைவிட வாய்ப்பான ஊர் அமைவது அரிது. வடகிழக்கே தம்புள்ளைக் குகைகளின் மங்கலான ஒளி, அதைத் தாண்டினால் சீகிரியாப் பாறை, இன்னும் தொலைவில் மின்னேரியாக் குளம். ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் குளத்து நீர் வற்றி, கரையில் புல் முளைக்கும்போது அங்கே யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். இவை அனைத்தையும் எடுக்கத் தோளில் தொங்கும் ஒரு சிறிய மிரர்லெஸ் கமரா போதும். ஆனால் அந்தச் சிறிய அளவு தன்னோடு ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது.

உடல் மெலிந்தது, லென்ஸ் மெலியவில்லை

பழைய எஸ்எல்ஆர் கமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி எழுந்து விழும். அதற்கு இடம் விட வேண்டியிருந்ததால், கெனன் ஈஎஃப் வகைக் கமராக்களில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் உணரிக்கும் இடையே 44 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தது. 2008இல் பனசோனிக் ஜி1 கமராவோடு கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) முறை சந்தைக்கு வந்தது. சோனியின் ஈ வகையில் அந்த இடைவெளி 18 மில்லிமீற்றர்தான். உடல் தட்டையாகிவிட்டது.

லென்ஸை அப்படிச் சுருக்க ஒளியியல் இடம் கொடுப்பதில்லை. 350 மில்லிமீற்றர் குவியத்தூரத்தில் எஃப்/6.3 துளை வேண்டுமானால், 350ஐ 6.3ஆல் வகுத்தால் வரும் ஏறக்குறைய 56 மில்லிமீற்றர் அகலத்துக்காவது முன்கண்ணாடி இருந்தே ஆக வேண்டும். யானையைத் தூரத்திலிருந்து எடுக்கும் லென்ஸ் பெரிதாகத்தான் இருக்கும்.

சோனி ஏ6400 கமராவை எடுத்துக்கொள்வோம். பற்றரி, நினைவக அட்டையோடு 403 கிராம். அதனுடன் வெளிவந்த 16–50 மில்லிமீற்றர் லென்ஸ் 116 கிராம், மூடிய நிலையில் 3 சென்ரிமீற்றர் நீளம். 70–350 லென்ஸோ 625 கிராம், 14 சென்ரிமீற்றர். எடை ஐந்து மடங்குதான் கூடுகிறது. ஆனால் எடையின் மையம் நீளத்தின் நடுவில் இருப்பதாகக் கொண்டால், அது உடலிலிருந்து தள்ளிப்போகும் தூரமும் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால், கமராவை முன்னோக்கிச் சாய்க்கும் திருப்புவிசை சுமார் 25 மடங்கு! வலது கையின் மூன்று விரல்கள் இதைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

ஒரு மைக்ரோன் கணக்கு

எந்தக் கையும் முழுமையாக அசையாமல் இருப்பதில்லை. நலமாக உள்ளவரின் கையிலும் விநாடிக்கு 8 முதல் 12 முறை வரையான நுண்நடுக்கம் உண்டு. தசை இறுகும்போதும் களைக்கும்போதும் அது கூடுகிறது.

ஏ6400இன் உணரியில் ஒரு படப்புள்ளியின் அகலம் ஏறக்குறைய 3.9 மைக்ரோன். 350 மில்லிமீற்றரில் படம் ஒரு புள்ளி அளவுக்கு நகர, 10 சென்ரிமீற்றர் நீளமுள்ள பிடியின் ஒரு முனை மறுமுனையைவிட ஒரு மைக்ரோன் விலகினாலே போதும். அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. லென்ஸிலுள்ள அதிர்வு நிலைப்படுத்தி பெருமளவு உதவும். ஆயினும் நடுக்கம் குறைந்தால்தான் அதன் வேலையும் சுலபமாகும். விரல்கள் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாதபடி செய்வதே கைப்பிடியின் முதற்கடமை.

கைப்பிடியில் எதைக் கவனிப்பது?

முதலில் தடிமன். மண்வெட்டிப் பிடி மிக மெலிந்தாலும் மிகப் பருத்தாலும் கை சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பது வயலில் நிற்பவருக்குத் தெரியும். கமராவுக்கும் அதே நியதிதான். சுண்டுவிரலும் உடலில் பதிய வேண்டும். கமராவின் அடியில் பொருத்தும் தகடு உயரத்தைச் சற்றுக் கூட்டி, அந்த விரலுக்கு இடம் தருகிறது.

அடுத்தது மேற்பரப்பு. மிதமான வியர்வையில் றப்பர் தோலை நன்றாகப் பற்றும். வியர்வை நீர்ப்படலமாக மாறினால் பிடி வழுக்கத் தொடங்கும். வரிவரியாகவோ புள்ளிபுள்ளியாகவோ செதுக்கிய பரப்பு, ஈரம் வடிய வழிவிடும். வெயிலில் உலோகம் சுடும் என்பதையும் மறக்கலாகாது.

பற்றரிக் கதவும் நினைவக அட்டைக் கதவும் அடியில் இருக்கும் கமராக்களில், கைப்பிடியைக் கழற்றாமலே அவை திறக்க வேண்டும். யானை தண்ணீருக்குள் இறங்கும் நேரத்தில் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. பெருவிரலுக்கான பிடி வாங்குவோர், அது பிளாஷ் பொருத்தும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை நினைவில் கொள்ளட்டும்.

கமராவின் அடித்துளை கால் அங்குல விட்டம் கொண்டது. அங்குலத்துக்கு 20 புரிகள். அதற்கேற்ற திருகாணி கிடைத்தால் சிறு மரத்தகட்டில் தானே ஒரு பிடி செய்துகொள்ளவும் வழியுண்டு. ஆனால் சோனியின் கையேடு 5.5 மில்லிமீற்றருக்குக் குறைவான நீளமுள்ள திருகாணியையே பயன்படுத்தச் சொல்கிறது. நீண்ட திருகாணியை முடுக்கினால் கமராவின் உடல் சேதப்படக்கூடும்.

மற்ற துணைக்கருவிகள்

தம்புள்ளைக் குகைகளில் 2,100 சதுர மீற்றர் பரப்பில் சுவரோவியங்கள் உள்ளன. பழைய ஓவியத்தின்மீது பிளாஷ் பாய்ச்சுவது முறையல்ல. பலர் நடமாடும் இடத்தில் முக்காலி விரிப்பதும் சரியல்ல. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது உள்ளங்கையில் லென்ஸை ஏந்தினால், எடையின் மையமே தாங்கப்பட்டுத் திருப்புவிசை பெரும்பாலும் மறைந்துவிடும். செலவில்லாத துணைக்கருவி இடது கை.

சீகிரியாப் படிகளில் இரண்டு கைகளும் கைப்பிடிக் கம்பிக்கு வேண்டும். அங்கே மணிக்கட்டு வார் உதவாது. குறுக்காக அணியும் அகலமான தோள்வார்தான் ஏற்றது.

ஜீப்பில் அமர்ந்து யானையை எடுப்பவருக்கு முக்காலியைவிடத் தானியப்பை மேல். துணிப்பையில் பயறோ அரிசியோ முக்கால் பங்கு நிரப்பிச் சாளர விளிம்பில் வைத்தால், மணிகள் நகர்ந்து லென்ஸின் வடிவத்துக்கு இடம் கொடுத்து அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தச் சொல்வதும் அவசியம்.

ஒக்டோபரில் மழை தொடங்கியதும் பூஞ்சணம் லென்ஸைத் தேடி வரும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு, ஈரப்பதனை 40–50 வீதத்தில் வைத்தால் காப்பாற்றலாம். தோலுறையில் லென்ஸைப் பூட்டி வைக்கவே கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

அழகான படத்தைப் பார்த்துக் கைப்பிடி வாங்காதீர்கள். உங்களிடமுள்ள மிகக் கனமான லென்ஸை மாட்டுங்கள். சுவரில் ஒரு பத்திரிகைப் பக்கத்தை ஒட்டி, ஒரே தூரத்தில், ஒரே ஷட்டர் வேகத்தில், பிடியில்லாமல் பத்துப் படங்களும் நண்பரிடம் இரவல் வாங்கிய பிடியோடு பத்துப் படங்களும் எடுங்கள். திரையில் முழு அளவுக்குப் பெருப்பித்து, எழுத்து தெளிவாகத் தெரியும் படங்களை எண்ணுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் உங்கள் கைக்கு அந்தப் பிடி தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல தோள்வாரும் உலர்பெட்டியும் வாங்கலாம். தெளிவான படங்கள் கூடியிருந்தால் தயங்காமல் வாங்குங்கள். புதிய லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், இருக்கும் லென்ஸின் முழுத் திறனையும் உங்கள் கையில் சேர்ப்பது அதுதான்.