புஜத்தில் ஒரு காவல்காரன்

சங்கத்து நண்பர்கள் சந்தித்துக்கொண்டால் இப்போதெல்லாம் முதல் கேள்வி, "சுகர் எவ்வளவு?" என்பதுதான். வியப்பில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு அது. அந்தப் பத்துக் கோடியில் அடியேனும் ஒருவன்.

இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். காலை வெறும் வயிற்றில் 115, 120. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி. பரிசோதனையில் 7.1. டாக்டருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. ஆனால் சில நாள் பின்னிரவில் பனியன் நனைய வியர்த்து விழிப்பு வந்துவிடும். அதுவும் டில்லியின் ஜனவரிக் குளிரில்! என் மனைவி இதை டாக்டரிடம் விடாமல் சொன்னாள். அவர் ஒரு சென்சாரை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்.

பெரிய கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மயிரிழை போன்ற கம்பி அரை சென்டிமீட்டர் தோலுக்குள் இறங்கும். கம்பியின் மேலுள்ள என்ஸைம் சர்க்கரையோடு வினைபுரிய, அதில் பிறக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கருவி அளக்கிறது. இந்த யோசனையை 1962-லேயே சொன்னவர் லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. பதினான்கு நாள் இரவும் பகலும் கணக்கு எழுதும். குளிக்கலாம், வலி கிடையாது.

முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டது. இரவு இரண்டிலிருந்து மூன்றரைக்குள் சர்க்கரை 60-க்கும் கீழே இறங்கியிருந்தது, ஒரு நாள் அல்ல, நான்கு நாள். காலை வெண்பொங்கலுக்குப் பிறகு 260. பள்ளத்தையும் மேட்டையும் கூட்டி வகுத்தால் சராசரி அழகாகத்தான் வரும்! 70-க்கும் 180-க்கும் இடையே ஒரு நாளில் எத்தனை நேரம் இருக்கிறோம் என்பதே இப்போது டாக்டர்கள் பார்க்கும் கணக்கு. பொதுவாகப் பதினேழு மணி நேரமாவது இருக்கவேண்டுமாம். டாக்டர் இரவு இன்சுலினைக் குறைத்தார். வியர்வை நின்றது.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்தக் கருவி ரத்தத்தைத் தொடுவதில்லை. தோலுக்கடியில் உள்ள திரவத்தைத்தான் அளக்கிறது. ஜி.டி. எக்ஸ்பிரஸின் எஞ்சின் பிளாட்பாரத்துக்குள் நுழைந்த பிறகுதானே கார்டு பெட்டி நுழைகிறது? அதுபோல ரத்தத்தில் நடப்பது இங்கே சில நிமிடங்கள் கழித்தே தெரியும். ஒட்டிய பக்கமே ஒருக்களித்துப் படுத்தாலும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஆகவே உடம்பு ஒன்று சொல்லி, கருவி வேறொன்று சொன்னால் விரலில் குத்திப் பார்த்துவிடுவதே உத்தமம். எண்ணைப் பார்த்துத் தாமாக இன்சுலின் அளவை மாற்றுவது கூடவே கூடாது.

பெங்களூரிலுள்ள என் மகள் தன் போனிலேயே என் சர்க்கரையைப் பார்க்கிறாள். "அப்பா, இன்றைக்கு என்ன ஸ்வீட்?" என்று மத்தியானமே விசாரணை! சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடந்தால் கோடு இறங்குவதைக் கண்ணால் பார்த்தபிறகு நடைக்குச் சோம்பல் வருவதில்லை.

விலைதான் இடிக்கிறது. இரண்டு வாரத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். மாத்திரையோடு கட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டு முழுதும் இது அவசியமில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், அதிலும் தனியே வசிப்பவர்கள், ஒரு முறையாவது தங்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். டாக்டரே ஒட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கணக்கை எடுத்துப் படித்துச் சொல்லும் வகையும் உண்டு.