பத்து வினாடிக்கு நாலரைக் கிலோ ஐஸ்

சூட்டுக் கணக்கு – 17

டர்போ காற்றை அமுக்கும்போது காற்று ஏன் சூடாகிறது என்பதைப் போன வாரமே பார்த்தாயிற்று. படிக்காதவர்கள் பழைய இதழை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் எனக்கு இடம் போதாது.

இடத்தையெல்லாம் ஒரே ஓர் எண் பிடித்துக்கொண்டது: நாலரைக் கிலோ. ஆயிரம் குதிரைத்திறன் உள்ள ஒரு டர்போ டீசல் டிரக், டிராக் ரேஸில் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைலை, அதாவது 402 மீட்டரை, பத்து வினாடியில் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து வினாடியில் இன்ஜினுக்குள் போகிற காற்றின் சூட்டை விழுங்க நாலரைக் கிலோ ஐஸ் போதும். ஒரு ஜூஸ் கடை காலையில் வாங்கிப்போடுகிற ஐஸ்கூட இதைவிட அதிகம் இருக்கும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் குதிரைத்திறனுக்கு வினாடிக்குச் சுமார் ஒரு கிலோ காற்று வேண்டும். நம் ஊர் வெயிலில் 35 டிகிரியில் உள்ளே போகிற காற்றை டர்போ மூன்று மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், அது ஏறக்குறைய 200 டிகிரியில் வெளியே வரும். லைக்ரா கலந்த துணியை ஸ்டென்டர் இயந்திரத்தில் ஹீட் செட் பண்ணுகிறார்களே, கிட்டத்தட்ட அந்தச் சூடு. அதை 50 டிகிரிக்கு இறக்க வேண்டும் என்றால் 150 டிகிரி குறைக்க வேண்டும். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி குறைக்க ஒரு கிலோஜூல். ஆக வினாடிக்கு 150 கிலோஜூல். பத்து வினாடிக்கு 1,500. ஒரு கிலோ ஐஸ் கரையும்போது 334 கிலோஜூல் சூட்டை இழுத்துக்கொள்ளும். வகுத்துப் பாருங்கள், நாலரைக் கிலோ வரும்.

இதில் இன்னொரு எண்ணும் ஒளிந்திருக்கிறது. வினாடிக்கு 150 கிலோஜூல் என்றால் 150 கிலோவாட், 200 குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் ஒரு லாரியை இழுக்கிற சக்திக்குச் சமமான சூட்டை, சூட்கேஸ் அளவில் ஒரு அலுமினியப் பெட்டி சத்தமில்லாமல் வெளியே எடுக்கிறது. அதுதான் இண்டர்கூலர்.

எதற்கு இத்தனை பாடு? அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும் 200 டிகிரிக் காற்றைவிட 50 டிகிரிக் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. சிலிண்டரின் கொள்ளளவு மாறப்போவதில்லை. அதே இடத்தில் ஒன்றரை மடங்கு ஆக்ஸிஜன் அடைபடுகிறது. அதற்கேற்ப டீசலையும் கூட்டி எரிக்கலாம். பெட்ரோல் இன்ஜின் என்றால் இன்னொரு லாபமும் உண்டு. காற்று குளிர்ந்திருந்தால் ‘நாக்கிங்’ தள்ளிப்போகும், பிஸ்டன் பிழைக்கும்.

இண்டர்கூலர் நமக்குப் புதிதில்லை. லாரிகளில் ‘டிசிஐசி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டர்போசார்ஜ்டு இண்டர்கூல்டு என்பதன் சுருக்கம்தான் அது. முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் அது உட்கார்ந்திருக்கும். ஏற்றம் ஏறி வந்து நின்ற லாரியில் அதன் இரண்டு பக்கத்துக் குழாய்களையும் கவனியுங்கள். டர்போவிலிருந்து வருகிற குழாயின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும். இன்ஜினுக்குப் போகிற குழாயைத் தைரியமாகத் தொடலாம். நடுவில் இருப்பது வரிசை வரிசையான அலுமினியத் தகடுகள், அவற்றின் ஊடே போகிற காற்று. அவ்வளவுதான்.

அந்தக் காற்று டிராக் ரேஸில் கிடைக்காது. பச்சை விளக்குக்காக வண்டி கோட்டில் நிற்கும். டர்போ அழுத்தத்தை (பூஸ்ட்) ஏற்றுவதற்காக ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்திருப்பார் டிரைவர். எதிர்காற்று துளியும் இல்லை, சூடு மட்டும் ஏறுகிறது. வண்டி வேகம் பிடித்துக் காற்று வாங்க ஆரம்பிக்கும்போது ரேஸ் பாதி முடிந்திருக்கும். அப்படியே காற்று அடித்தாலும் ஒரு எல்லை உண்டு: வெளிக்காற்று 38 டிகிரி என்றால் இண்டர்கூலரால் அதற்குக் கீழே ஒரு டிகிரிகூட இறக்க முடியாது. ஐஸ் தண்ணீருக்கு அந்த எல்லை கிடையாது. வெயிலைவிடக் குளிர்ந்த காற்றை இன்ஜினுக்குக் கொடுக்க அதனால் முடியும். அதனால்தான் டிரக்கின் பின்பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டி, ஒரு பம்பு, இரண்டு ஹோஸ், காற்றுக்குப் பதில் தண்ணீர் ஓடுகிற ஒரு கோர் என்று ரேஸ்காரர்கள் இந்த ஏற்பாட்டுக்குப் போகிறார்கள்.

இதைப் பல்லடம் ரோட்டில் லாரி பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங்ணா, அப்பறம் நம்ம லாரிக்கும் ஐஸ் போட்டுட்டா ஆகாதுங்களா? மைலேஜு கிடைக்குமல்லங்க?”

நியாயமான கேள்வி. காகிதத்தை எடுத்தோம். சுமை ஏற்றிய லாரி முழு இழுவையில் போகும்போது வினாடிக்குக் கால் கிலோ காற்று. அதை 80 டிகிரி தணிக்க வேண்டும். வினாடிக்கு 20 கிலோஜூல் வருகிறது. மணிக்கு 72,000. ஐஸ் கணக்கில் மணிக்கு 215 கிலோ! ஐம்பது கிலோ பார் என்றால் நாலுக்கும் மேல். பனியன் பெட்டி ஏற்றிக்கொண்டு தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று தூத்துக்குடித் துறைமுகம் போய்ச்சேருகிற வண்டியில் பனியன் வைக்கிற இடத்தை ஐஸ் பிடித்துக்கொள்ளும். “அப்ப காத்தே போதுமுங்க” என்று அவரே முடித்துவிட்டார். மணிக்கணக்கில் ஓடுகிற வண்டிக்குக் காற்று, பத்து வினாடி ஓடுகிற வண்டிக்கு ஐஸ்.

அந்த 334 என்ற எண்ணுக்கு வருகிறேன். இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது அதுதான். 1761ஆம் ஆண்டு, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்ற மருத்துவப் பேராசிரியர் கண்டது. அவர் வைத்திருந்தது ஒரே அளவில் இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகள், ஒரு தெர்மாமீட்டர், காலியான ஒரு பெரிய கூடம். ஒரு குடுவையில் உறைந்த ஐஸ். இன்னொன்றில் அதே எடைக்கு, உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த தண்ணீர். கூடத்தின் வெப்பநிலை 47 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் எட்டு டிகிரி. இரண்டையும் தொங்கவிட்டுக் காத்திருந்தார்.

தண்ணீர் அரை மணி நேரத்தில் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. ஐஸ் கரைந்து அதே 40 டிகிரிக்கு வந்து சேரப் பத்தரை மணி நேரம் ஆனது. இருபத்தொரு மடங்கு நேரம்! இரண்டு குடுவைக்கும் ஒரே கூடம், ஒரே சூடு. அத்தனை மணி நேரம் ஐஸுக்குள் போன சூடு எங்கே? தெர்மாமீட்டர் அதைக் காட்டவில்லை. கரைவதற்கே அவ்வளவும் செலவாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த உள்ளுறை வெப்பம் இதுதான். அந்தக் குடுவைகளை வைத்து பிளாக் போட்ட கணக்கு, ஐஸ் கரைய வாங்கும் சூட்டில் அதே எடைத் தண்ணீரை 77, 78 டிகிரி செல்சியஸ் ஏற்றலாம் என்றது. இன்றைய துல்லியமான அளவு 80. தெர்மாமீட்டரும் பொறுமையும் மட்டும் வைத்துக்கொண்டு, 260 ஆண்டுகளுக்கு முன்னால், இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார். இதைப் புத்தகமாக அவர் போடவே இல்லை. மாணவர்களுக்கு வகுப்பில் சொன்னதோடு சரி. 1799இல் அவர் காலமான பிறகு, 1803இல்தான் அந்த விரிவுரைகள் அச்சேறின. பிளாக் கிளாஸ்கோவில் இருந்த காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட் அவருடைய நண்பர். வாட்டின் நீராவி இன்ஜின் கதை அங்கிருந்து கிளம்புகிறது. அதற்குள் இப்போது போனால் திரும்பி வர மாட்டேன்.

பிளாக் கண்ட அதே குணம்தான் சென்னைக்கு ஐஸ் கொண்டுவந்தது. 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் ஏரி ஐஸை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அனுப்பியவர் ஃபிரெடரிக் டியூடர். நாலு மாதம், வெப்பமண்டலக் கடல், குளிர்பதனம் என்று ஒன்றுமே இல்லை. செப்டம்பரில் கல்கத்தாவில் இறக்கியபோது 100 டன் மிச்சம் இருந்தது. கரைந்த ஐஸ்தான் வந்த சூட்டையெல்லாம் விழுங்கி, கரையாத ஐஸைக் காப்பாற்றியது. பிறகு சென்னைக்கும் அப்படி வந்த ஐஸை வைக்கக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

டிரக்குக்கு வருவோம். நாலரைக் கிலோ என்று சொன்னேன்; ஆனால் நாலரைக் கிலோவை மட்டும் பெட்டியில் போட்டு ரேஸுக்குப் போனால் வேலை நடக்காது. பத்து வினாடிக்குள் அவ்வளவு ஐஸ் கரைந்து முடியாது. ஓடுகிற நேரத்தில் சூட்டை முதலில் வாங்குவது ஐஸைச் சுற்றியிருக்கும் தண்ணீர். 40 லிட்டர் தண்ணீர் என்றால் 1,500 கிலோஜூலுக்கு ஒன்பது டிகிரிதான் ஏறும். இரண்டு டிகிரியில் கிளம்பினால் பதினொன்றில் முடியும். அடுத்த ரவுண்டுக்குள் அதை மறுபடி கீழே இறக்குவதுதான் ஐஸின் வேலை.

இதைவிட ருசியான இடம் ஒன்று உண்டு. அந்த 40 லிட்டரும் முதலில் 30 டிகிரிக் குழாய்த் தண்ணீர்தானே? அதை இரண்டு டிகிரிக்குக் கொண்டுவரவே 14 கிலோ ஐஸ் வேண்டும். ஓட்டத்துக்குச் செலவாவது நாலரை. வண்டி கோட்டுக்கு வருவதற்கு முன்பே அதைப்போல் மூன்று பங்கு கரைந்து போயிருக்கும். முதல் நாள் இரவே தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துவருகிறவருக்கு, போட வேண்டிய ஐஸின் எடை பாதிக்கு மேல் குறையும். டிராக் ரேஸில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

ஐஸையும் தூளாக்கித்தான் போட வேண்டும். ஐஸ் பிளான்ட்டில் நின்று பார்த்தால் காரணம் புரியும். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து தகர டின்னை ஹாயிஸ்ட்டில் தூக்கி, சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்குகிறார்கள். ஓரம் இளகி, முழு பார் சறுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. ஓரமெல்லாம் கண்ணாடி, நடுத்தண்டில் மட்டும் வெள்ளை. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே உறையும்போது அதில் கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுவுக்கு ஒதுங்குவதால் வருகிற வெள்ளை அது. அந்தப் பாரை அப்படியே வெயிலில் போட்டால் மணிக்கணக்கில் கிடக்கும். சூடு படுகிற பரப்பு குறைவு, அதனால் கரையும் வேகமும் குறைவு. கிரஷரில் விட்டால் அதே எடைக்குப் பரப்பு பல மடங்கு. சிலர் உப்பையும் கொட்டிச் சுழியத்துக்குக் கீழே கொண்டுபோகப் பார்ப்பார்கள். குளிர்ச்சி கிடைக்கும், அலுமினியக் கோரில் பொத்தலும் விழும். குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோருக்குள் சுற்றுகிற தண்ணீராவது ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும்.

தண்ணீரால் குளிர்கிற இண்டர்கூலரோடு கம்பெனியிலிருந்தே வந்த டிரக் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜிஎம்சி 1991இல் விற்ற சைக்ளோன். பார்க்கச் சின்ன பிக்கப்; 4.3 லிட்டர் வி6, டர்போ, 280 குதிரைத்திறன், நாலு சக்கர இழுவை. அந்த ஆண்டு செப்டம்பரில் ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை இதை ஃபெராரி 348க்குப் பக்கத்தில் நிறுத்திக் கால் மைல் ஓடவிட்டது. சைக்ளோன் 14.1 வினாடி, ஃபெராரி 14.5. கோட்டைத் தாண்டும்போது வேகம் பிடித்திருந்தது ஃபெராரிதான், மணிக்கு 99 மைல், சைக்ளோன் 93. ஆனாலும் ஜெயித்தது டிரக். நின்ற இடத்திலிருந்து நாலு சக்கரமும் தரையைப் பற்றிக்கொண்டு கிளம்பிய அந்த முதல் சில வினாடிகளிலேயே ரேஸ் முடிந்துவிட்டது.

நம் நாட்டில் லாரிகள் ரேஸ் ஓடியது 2014 மார்ச்சில், கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில், டாடா பிரைமா டிரக்குகளோடு. 2017இல் ஆயிரம் குதிரைத்திறன் பிரைமாவையும் அங்கே காட்டினார்கள். சுற்றிச் சுற்றி ஓடுகிற அந்தப் பந்தயத்துக்கு ஐஸ் சரிப்படாது. காரணம் மேலே பட்டறைக் கணக்கில் இருக்கிறது. நமக்கு ஒரு மணி நேரத் தூரத்தில், கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில், கார் ரேஸ் வீரர் கரிவரதன் பெயரில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயும் சுற்றுப் பாதைதான். ஆனால் இண்டர்கூலர் குடைய ஆள் வேண்டும் என்றால் இந்த வட்டாரத்தைப் போல வேறு இடம் கிடையாது. ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றி, கழுவி, கசிவு பார்த்து மாட்டுகிற கைகள் ஒவ்வொரு சாயப்பட்டறையிலும் இருக்கின்றன. இந்த ஐஸ் பெட்டி ஏற்பாட்டை இங்கே ஒரு வாரத்தில் செய்து முடிப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பம்பையும் ஹோஸையும் இந்த இதழிலேயே முடித்துவிடலாம் என்றிருந்தேன். ஐஸ் இடத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் அதுதான். இப்போதைக்கு ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 150 கிலோவாட்டை, கோருக்குள் தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடேறாமல் வெளியே கொண்டுவர நிமிடத்துக்கு 108 லிட்டர் ஓட வேண்டும். அதுவும் 12 வோல்ட் பேட்டரியில். படகில் தேங்குகிற தண்ணீரை இறைக்கச் செய்த பம்புகளை அமெரிக்க ரேஸ்காரர்கள் ஐஸ் பெட்டிக்குள் இறக்குகிறார்கள். பம்புக்குப் பெயர்போன கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே 12 வோல்ட்டில் 108 லிட்டர் தள்ளுகிற பம்பு கிடைக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்திருக்கிறேன். கையில் அப்படி ஒன்று வைத்திருக்கும் வாசகர்கள் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள்.