பால் வற்றிய மரமும் நாற்காலியின் கணக்கும்

கலும்பாங் போன்ற வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய ரப்பர் மரம், ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்து மறுநடவுக்காகச் சாய்க்கப்பட்டபோது, முன்பெல்லாம் விறகாயிற்று அல்லது அங்கேயே எரிக்கப்பட்டது. மாவுச்சத்து மிகுந்த அம்மரம், வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்து, வண்டு துளைத்து உதிரும். அறுத்த பலகையில் உடனடியாகப் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தின் மூலம் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே, அது மலேசியத் தளவாட ஏற்றுமதியின் முதன்மை மூலப்பொருளாயிற்று.

இயற்கைக் காட்டை வெட்டாமல் கிடைப்பதால் இதற்குப் 'பசுமை மரம்' என்று பெயர் உண்டு. ஆனால், வருங்காலத்தின் தேவைக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவையை நிறைவு செய்வதே நிலைத்தன்மை எனில், மரம் வந்த வழியை மட்டும் பார்ப்பது போதாது. தளவாடப் பட்டறைக்குள் நடப்பதையும் அளந்தாக வேண்டும்.

அவ்வளவைகளுள் முதன்மையானது தேறும் விகிதம், அதாவது உள்ளே வந்த மரத்தின் கன அளவில் எவ்வளவு பயன்படும் பலகையாயிற்று என்பது. 10 கன மீட்டர் மரத்தில் 3 கன மீட்டர் தேறினால் விகிதம் 30 விழுக்காடு. ரப்பர் மரத்தின் அறுக்கத்தக்க அடித்தண்டு குட்டையானது, வளைவும் உடையது. அடிமரத்தில் பால் வெட்டும் கத்தி பட்டையைத் தாண்டி ஆழமாகப் பாய்ந்த இடங்களில் புடைப்பும் முடிச்சும் விழுந்திருக்கும். ஆகவே, காயம்படாமல் பட்டை சீவிய தொழிலாளியின் கைத்திறன், பல்லாண்டு கழித்து நாற்காலிக் காலின் கணக்கிலும் சேர்கிறது. இதனை அறிக்கைகள் குறிப்பதாகத் தெரியவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

எஞ்சிய தூளும் துண்டும் சூளைக்கு எரிபொருளாகின்றனவா, ஒரு நாற்காலிக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது, பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு எவ்வளவு வெளியேறுகிறது என்பவையும் அளக்கத்தக்கவையே. மரத்தூள் புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதால், தூள் உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் விரல் இழந்த விபத்துகளின் எண்ணிக்கையும் இதே ஏட்டில் இடம்பெற வேண்டும்.

மலேசியாவில் 5 முதல் 74 பேர் வரை பணிபுரியும் உற்பத்தி நிறுவனம் சிறுதொழிலாகக் கருதப்படுகிறது. முதலாளியே கணக்கரும் மேற்பார்வையாளருமாக இருக்கும் அத்தகைய இடத்தில் நூறு குறியீடுகளைத் திணிப்பதைவிட, மாதந்தோறும் தவறாமல் எழுதப்படும் ஐந்து எண்களே பயன் தரும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புத் தடுப்பு விதியோ, மரம் வளர்ந்த நிலத்தின் புவியிருப்பிடத்தையே கேட்கிறது. பல தோட்டங்களின் மரத்தைக் கலந்து விற்கும் வணிகரிடம் வாங்கும் சிறு பட்டறைக்கு இது கடினமான கேள்வி. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை ஏறிவிட்ட இவ்வட்டாரத்தில், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மரம் எங்கிருந்து வரும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி.