ஆய்வுக்கு நூல் தேடும் நம் பிள்ளைகளுக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் தகப்பன்மார்களின் பிள்ளைகள் இன்று எம்.ஏ. வரை படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆய்வேடு எழுதும் நேரம் வந்ததும், "புத்தகத்துக்காக எத்தனை நாள் சென்னைக்கு அலைவது?" என்று வீட்டார் தயங்குகிறார்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தயக்கம் இன்னும் அதிகம்.

முதல் தேடலை வீட்டிலிருந்து கைபேசியிலேயே செய்யலாம். காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் உள்ளன. கட்டணம் இல்லை. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து ஏற்றியிருப்பார்கள். பலரும் முன்னுரையைத் திறப்பார்கள்; நாம் சொல்வது, கடைசியிலுள்ள நூற்பட்டியலை முதலில் திறவுங்கள். ஒருவர் பல ஆண்டுகள் அலைந்து சேர்த்த ஆதாரங்கள் அங்கேதான் இருக்கின்றன. (ஹதீஸ் படித்தவர்களுக்கு "யார் அறிவித்தது?" என்ற கேள்வி புதிதல்ல.)

தேடியதும் ஒன்றும் வரவில்லை என்றால் விட்டுவிடக் கூடாது. லெப்பை, மரைக்காயர் என்ற சொற்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். எல்லா விதத்தையும் போட்டுப் பாருங்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஆங்கில 'எஸ்' எழுத்தில் தொடங்கித் தேடுகிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகப் பட்டியல்களிலோ தமிழ்ச் சகரத்துக்கு 'சி' எழுத்தைத்தான் போடுவார்கள். இரண்டு சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் இடுங்கள்.

வேண்டிய நூல்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவை எந்த நூலகத்தில் இருக்கின்றன என்று அதன் இணையப் பட்டியலில் பார்த்த பிறகு ரயில் ஏறுங்கள். அலைச்சல் பாதியாகக் குறையும்.