ஜப்பானிய மொழி: வாயிலும் மதிலும்

அயல்மொழி கற்கப் புகுவோர் முதலில் அஞ்சுவது இலக்கணத்திற்கே. ஜப்பானிய மொழியை நாடும் தமிழ் மாணவருக்கு அவ்வச்சம் வேண்டுவதில்லை. 'வாதாஷி வா ஹொன் ஓ யோமிமாசு' என்னும் தொடரை 'நான் புத்தகத்தைப் படிக்கிறேன்' என வரிசை மாறாமல் பெயர்த்துவிடலாம். அதிலுள்ள 'ஓ' நம் இரண்டாம் வேற்றுமை உருபின் பணியையே செய்கிறது. குறில் நெடிலாற் பொருள் வேறுபடுதலும் நமக்குப் புதிதன்று. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. இத்தகைய ஒப்புமைகளைக் கொண்டே பேராசிரியர் சுசுமு ஓனோ இரு மொழிக்கும் உறவுண்டு என வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். கற்பவர்க்கு அவ்வழக்கின் தீர்ப்பு தேவையில்லை; ஒப்புமையே போதிய துணையாகும்.

ஹிராகனா, கதகானா என்னும் இருவகை அசையெழுத்துகளும் வகைக்கு 46. அ, இ, உ, எ, ஒ எனத் தொடங்கிக் க, ச, த, ந எனச் செல்லும் அவற்றின் வைப்புமுறை, வடமொழி ஒலியியலைப் பயின்ற பௌத்தத் துறவியர் வழி அமைந்ததாகும். சில வாரங்களில் இவை கைவந்துவிடும்.

அதன்பின் எதிர்ப்படுவது 'கஞ்ஜி'. பெயர் நம் வீட்டு உணவை நினைவூட்டினும், பலர் கல்வியைக் கைவிடுவது இங்கேதான். பொதுப் பயன்பாட்டிற்கென 2010இல் திருத்தி வெளியிடப்பட்ட பட்டியலில் 2136 எழுத்துகள் உள்ளன. எண்ணிக்கையினும் கொடியது ஒலிப்பு. '2' என்னும் குறியை நாம் 'இரண்டு' என்றும் 'டூ' என்றும் படிப்பதுபோல, சீனரிடம் பெற்ற எழுத்தைச் சீன ஒலியாலும் தம் சொல்லாலும் ஜப்பானியர் படிக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் 'நிச்சியோபி' என்னும் ஒரே சொல்லில், 'நாள்' என்னும் எழுத்து முதலில் 'நிச்சி' எனவும் இறுதியில் 'பி' எனவும் ஒலிக்கிறது. 'ஒன்று', 'நாள்' என்னும் ஈரெழுத்தும் சேர்ந்தால் 'இச்சினிச்சி' எனில் ஒரு நாள். 'சுயிதச்சி' எனில் மாதத்தின் முதல் தேதி. இடம் நோக்கியே தெளிதல் வேண்டும்.

தனியெழுத்துகளை அட்டைகளில் எழுதி நெட்டுருப் போடுவது பரவலான முறை. ஓரெழுத்துக்குரிய ஒலிகள் அனைத்தையும் அடுக்கி மனனம் செய்வது வீண் உழைப்பு என்பதே என் கருத்து. மரம் ஒன்றாயின் மரம், இரண்டாயின் தோப்பு, மூன்றாயின் காடு என உறுப்புகளைப் பிரித்தறிவது உருவத்தை நிலைநிறுத்தும். ஒலியையோ சொல்லோடும் தொடரோடும் சேர்த்துப் பயின்றாலன்றிப் பெற இயலாது. கண்ணுக்குத் தெரிந்த எழுத்து கைக்கு வாராமையும் உண்டு. கோட்டு வரிசை பிறழாமல் நாள்தோறும் எழுதுவதைத் தவிர அதற்கு வேறு மருந்தில்லை.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. 2010 முதல் ஐந்து படிகளாக நடைபெறுகிறது. அதில் பேச்சுத் தேர்வு இல்லை. ஆதலின் சான்றிதழ் பெற்றவரும் தொலைபேசியில் திகைப்பதுண்டு. அங்கே மரியாதை வழக்கு குறுக்கிடும். நாம் 'உண்டான்', 'உண்டார்' என விகுதியை மாற்றினால் போதும். அவர்களோ வினைச்சொல்லையே மாற்றுவர்: பொதுவாக உண்பது 'தபெரு', பெரியவர் உண்டால் 'மெஷியகரு', அவர் முன் தம்மைத் தாழ்த்திக் கூறுங்கால் 'இததகு'.