எறும்பூரும் உணர்வு

எறும்பூரும் உணர்வு என்பது தோலின் மேலோ தோலுக்கு அடியிலோ எறும்பு, பூச்சி, புழு போன்றவை ஊர்வதாக, அவ்வாறு எதுவும் இல்லாதபோதும், ஒருவர் உணர்வதாகும். ஆங்கில மருத்துவ நூல்களில் இது ஃபார்மிக்கேசன் எனப்படுகிறது. எறும்பைக் குறிக்கும் ஃபார்மிக்கா என்னும் இலத்தீன் சொல் இதன் வேராகும். ஃபார்மிக் அமிலமும் இவ்வேரிலிருந்தே பெயர் பெற்றது. கால் மரத்துப்போய்த் தெளியும்போது எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று தமிழிலும் கூறுவதுண்டு. அது சிறிது நேரத்தில் மறைந்துவிடும். இக்கட்டுரையில் விளக்கப்படுவது, கொக்கெயின், ஆம்ஃபெட்டமைன், மெத்தாம்ஃபெட்டமைன் ஆகிய ஊக்கப் போதைப்பொருட்களால் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நீடித்து, மனிதர் தம் தோலைத் தாமே கிழித்துக்கொள்ளும் அளவுக்கு முற்றும் நிலையாகும்.

வரலாறு

கொக்கெயின் ஐரோப்பாவில் மருந்தாகப் பரவிய சில ஆண்டுகளிலேயே இவ்வுணர்வும் பதிவாகியது. வியன்னாவின் உடலியங்கியல் அறிஞர் எர்ன்சுட்டு ஃபான் பிளைசல்-மார்க்சோவ் நரம்பு வலிக்காக மார்ஃபின் எடுத்து அதற்கு அடிமையானவர். அதிலிருந்து அவரை மீட்க, அவருடைய நண்பர் சிக்மண்ட் பிராய்டு 1884 இல் கொக்கெயினைப் பரிந்துரைத்தார். விரைவில் கொக்கெயினின் அளவு பெருகி, தம் தோல்மீது வெண்ணிறப் பாம்புகள் ஊர்வதாக பிளைசல் உணரத் தொடங்கினார்.

பிரெஞ்சு உளநோய் மருத்துவர் வாலன்ட்டீன் மான்யான், சோரி என்பவருடன் இணைந்து 1889 இல் மூன்று கொக்கெயின் அடிமைகளைப் பற்றி எழுதினார். அதன் பின்னர் இக்குறி மான்யான் குறி என்றும் வழங்கலாயிற்று. அம்மூவரில் ஒருவர் தம் நாக்கைச் சுரண்டிக் கரும்புழுக்களை எடுப்பதாக நினைத்தார். மற்றொருவர் நுண்ணுயிரிகளைத் தேடினார். இன்னொருவர் தோலுக்கு அடியில் கொக்கெயின் படிகங்கள் இருப்பதாகத் தேடினார். நுண்ணுயிரிகள் அக்காலத்தில் புதிய அறிவியல் செய்தி என்பது கருதத்தக்கது. உணர்வு உடலில் தோன்றினாலும், அதற்கு உருவம் கொடுப்பது அந்தந்தக் காலத்தின் அச்சங்களே எனலாம்.

ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகள் பெருகிய பின், பிலிப் கானல் 1958 இல் இலண்டனிலிருந்து 42 நோயாளர்களைப் பற்றிய தனிநூலை வெளியிட்டார். ஆம்ஃபெட்டமைனால் வரும் உளப்பிறழ்வு என்பது தனி நிலையாக ஏற்கப்பட அந்நூல் பெரிதும் உதவியது. தாமும் ஆம்ஃபெட்டமைன் பயன்படுத்திய அமெரிக்கப் புதின எழுத்தாளர் பிலிப் கே. டிக் 1977 இல் வெளியிட்ட புதினம், தன் உடல் முழுதும் செடிப்பேன்கள் இருப்பதாக நம்பும் ஒரு போதை அடிமையுடன்தான் தொடங்குகிறது.

தோன்றும் விதம்

நரம்பணு வெளியிட்ட டோப்பமைன் என்னும் வேதிப்பொருள் மீண்டும் உள்ளிழுக்கப்படுவதைக் கொக்கெயின் தடுக்கிறது. மெத்தாம்ஃபெட்டமைன் இன்னும் ஒரு படி மேலே சென்று, நரம்பணுவுக்குள் புகுந்து அங்குள்ள டோப்பமைனையும் வெளியே தள்ளுகிறது. இரண்டிலும் மூளையில் டோப்பமைன் மிகுகிறது. ஒரு செய்தி கவனிக்கத்தக்கது என்று குறிப்பது டோப்பமைனின் பணிகளுள் ஒன்று. துணியின் உரசல், மயிரின் அசைவு, வியர்வைத் துளியின் நகர்வு எனத் தோலிலிருந்து மூளைக்கு ஓயாமல் குறிகைகள் வருகின்றன. மூளை அவற்றுள் பெரும்பாலானவற்றை இரைச்சல் எனத் தள்ளிவிடுகிறது. டோப்பமைன் மிகும்போது இந்த வடிகட்டல் குலைந்து, இரைச்சலே செய்தியாகிவிடுகிறது என்று விளக்கப்படுகிறது. தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் உறங்காமை, மிகுந்த வியர்வை, நீர்வறட்சி ஆகியவை இதனை மேலும் கூட்டுகின்றன.

உடலில் கொக்கெயினின் அளவு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். மெத்தாம்ஃபெட்டமைன் அவ்வாறு குறைய 10 முதல் 12 மணி நேரம் ஆகும். மெத்தாம்ஃபெட்டமைன் பயன்படுத்துவோரிடம் இவ்வுணர்வு நெடுநேரம் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

உணர்வும் நம்பிக்கையும்

ஊர்வது போன்ற உணர்வு வேறு, பூச்சி இருக்கிறது என்ற அசையாத நம்பிக்கை வேறு. பின்னதை ஒட்டுண்ணி மருட்சி என்பர். சுவீடனின் நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்சல் எக்போம் 1938 இல் இதனை விரிவாக எழுதியதால் எக்போம் கூட்டறிகுறி என்றும் பெயர் உண்டு.

முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் பாதை கொடியது. சொறிவதால் புண் உண்டாகிறது. புண் ஆறும்போது அரிக்கிறது. அந்த அரிப்பு பூச்சிக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. சிலர் ஊசி, இடுக்கி, கத்தி முனை கொண்டு தோண்டுவர்; சிலர் பூச்சிக்கொல்லியை உடலில் பூசிக்கொள்வர். பொருக்கையும் நூல் இழையையும் தீப்பெட்டியில் இட்டு மருத்துவரிடம் கொண்டுவருவது பலகாலம் அறியப்பட்ட வழக்கம் ஆதலால், இதற்குத் தீப்பெட்டிக் குறி என்றே பெயர் ஏற்பட்டது. இப்போது தீப்பெட்டியின் இடத்தைக் கைப்பேசிப் படங்கள் பிடித்துள்ளன.

தோலில் இருந்து இழைகள் வெளிவருவதாகக் கூறப்பட்ட மார்கெலான்சு என்னும் நிலையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து, 2012 இல் முடிவுகளை வெளியிட்டது. வட கலிபோர்னியாவில் 115 பேர் இனங்காணப்பட்டனர். ஒட்டுண்ணி எதுவும் கிடைக்கவில்லை. இழைகளுள் பெரும்பாலானவை பருத்தியை ஒத்த செல்லுலோசு. ஆய்வு செய்த முடி மாதிரிகளில் பாதியில் போதைப்பொருள் அல்லது மயக்க மருந்துகளின் தடயம் இருந்தது.

மருத்துவம்

முதற்பணி, உண்மையான பூச்சி இல்லை என்று உறுதி செய்வது. போதை அடிமை என்று அறிந்ததும் சிலர் இதனைத் தவிர்த்துவிடுகின்றனர், இது தவறு. சிரங்கு உண்ணி உண்மையிலேயே தோலுக்குள் குடைந்து வாழ்வது, நெருக்கடியான இடங்களில் எளிதில் பரவக்கூடியது. விரலிடுக்கு, மணிக்கட்டு ஆகிய இடங்களைச் சுரண்டி எடுத்து நுண்நோக்கியில் பார்த்தால் அது தெரியக்கூடும். நீரிழிவு நரம்புப் பாதிப்பு, உயிர்ச்சத்து பி12 குறைபாடு, மாதவிடாய் நிறுத்தம், மதுவைத் திடீரென நிறுத்துதல் ஆகியவற்றாலும் இத்தகைய உணர்வு வரலாம்.

பூச்சி இல்லை என்று நோயாளருடன் வாதிடுவதால் பயன் இல்லை. அவர் உணர்வது பொய்யன்று. அவர் கூறும் காரணம் மட்டுமே தவறானது. போதைப்பொருளை நிறுத்தி நன்கு உறங்கினால் பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் உணர்வு மறைகிறது. பதற்றம் மிகுந்தால் பென்சோடையசெப்பீன் வகை மருந்துகளும், நம்பிக்கை நீடித்தால் ரிசுபெரிடோன், ஒலான்சப்பீன் போன்ற மருந்துகளும் அளிக்கப்படுகின்றன. புண்கள் சீழ்பிடிக்காமல் காப்பதும் சிகிச்சையின் பகுதியே. சிலருக்கு உளப்பிறழ்வு மாதக்கணக்கில் தொடர்வதுண்டு. பின்னர் சிறிதளவு மெத்தாம்ஃபெட்டமைன் எடுத்தாலும் அது முன்னைவிட விரைவாகத் திரும்பக்கூடும்.